வீட்டுமொழியை நிறுத்துவது சிகிச்சையல்ல

கொழும்பில் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் முதல் ஆலோசனைகளில் ஒன்று, "வீட்டில ஒரே மொழியில கதையுங்கோ" என்பது. எந்த மொழி என்று யாரும் விளக்குவதில்லை. ஆங்கிலம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். சொல்பவர் சிலவேளை சிகிச்சையாளர், சிலவேளை முன்பள்ளி ஆசிரியை, பலவேளை அதே தொடர்மாடியில் இருக்கும் அன்ரி. இரண்டு மூன்று மொழி காதில் விழுந்தால் பிள்ளை குழம்பிவிடுமாம். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையின் தாய் இதை எதிர்த்துக் கேட்கமாட்டாள். தனக்கே சரளமாக வராத மொழியில் அன்றிரவே 'கம், சிட், ஈட்' என்று தொடங்கிவிடுவாள்.

இந்த ஆலோசனைக்கு ஆதாரம் இல்லை. கனடாவின் மொன்றியல் நகரில், பல மொழி கேட்டு வளரும் ஓட்டிசப் பிள்ளைகளையும் ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்பவர்களையும் ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 75 பிள்ளைகள். பல மொழி கேட்டவர்களுக்கு மேலதிகத் தாமதம் எதுவும் இல்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. ஓட்டிசம் பேச்சைத் தாமதப்படுத்தலாம், சிலரிடம் பேச்சே வராமலும் போகலாம். ஆனால் அதற்கு இரண்டாவது மொழி காரணமல்ல.

மொழியை நிறுத்துவதால் வரும் நட்டத்தைத்தான் யாரும் கணக்கெடுப்பதில்லை. வெள்ளவத்தை வீடொன்றை நினைத்துப் பாருங்கள். அம்மம்மா யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறார். அப்பா ரொறன்ரோவில் உள்ள தம்பியோடு தொலைபேசியில் தமிழில் வாதாடுகிறார். அக்காவும் அண்ணாவும் தமிழில் சண்டை பிடிக்கிறார்கள். அத்தனை பேரும் சின்னவனிடம் வந்தவுடன் நாலு கட்டளைச் சொற்களுக்குள் சுருங்கிவிடுகிறார்கள். கேலி இல்லை, செல்லத் திட்டு இல்லை, கதை இல்லை. மற்றவர்களோடு உறவாடுவதே சிரமமாக இருக்கும் பிள்ளையை, வீட்டில் நடக்கும் ஒரே உறவாடலிலிருந்தும் சிகிச்சை என்ற பெயரில் தள்ளி வைக்கிறோம்.

யூடியூப் பார்த்துத் தானாகவே ஆங்கிலம் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்தான். அமெரிக்க உச்சரிப்பில் எழுத்தும் எண்ணும் ஒப்புவிப்பார்கள், பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வதில் தவறில்லை. பிள்ளை போகும் வழியில் நாமும் போவது வேறு, குடும்பம் முழுவதும் தமிழை மூடி வைப்பது வேறு.

அப்படியானால் இந்த ஆலோசனை ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது? விஞ்ஞானத்தால் அல்ல, ஆட்பற்றாக்குறையால் என்பதே என் கணிப்பு. இந்த நாட்டில் பேச்சுச் சிகிச்சையாளர்களைப் பட்டதாரிகளாக உருவாக்குவது களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம். அங்கிருந்து வருவோரில் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் மிகக் குறைவு. சிங்களமும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த சிகிச்சையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கொட்டாஞ்சேனைப் பிள்ளை தன் தாயிடம் முனகும் அரைச்சொல்லை அவரால் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாததை வளர்க்கவும் முடியாது. ஆகவே சிகிச்சையாளர் இருக்கும் மொழிக்குக் குடும்பம் இடம்பெயர வேண்டியிருக்கிறது. அதை அறிவுரையாகச் சொல்வதைவிட, எங்களிடம் தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்று ஒப்புக்கொள்வது நேர்மையானது.

மொழியை வெறும் மொழிபெயர்ப்பு வேலையாக நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. இலங்கையில் 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அந்த எண் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து நான்கு பேரைக் கண்டார்கள். ஒரு நாட்டின் கணக்கு நான்கு குழந்தைகளின் மேல் நிற்கிறது! அதைவிட முக்கியமானது அதே ஆய்வின் மற்றொரு முடிவு. வெளிநாட்டில் உருவான கேள்விப்பட்டியலைக் கொண்டு தாய்மாரிடம் கேட்டபோது, அது உண்மையில் ஓட்டிசம் இருந்த நால்வரில் ஒருவரை மட்டுமே பிடித்தது. சுட்டிக்காட்டுகிறானா, கண்ணைப் பார்க்கிறானா என்ற கேள்விகளை நம் தாய்மார் வேறு விதமாக விளங்கிக்கொள்கிறார்கள். பின்னர் அதே பேராசிரியரின் குழு படங்களைக் கொண்டு கேட்கும் முறையை உருவாக்கியது. தாய்க்குப் புரியும் விதத்தில் கேட்டால்தான் தாய் சரியாகச் சொல்வாள்.

அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் மட்டும் எந்த மொழியிலும் குறையவில்லை. 1967இல் உளவியலாளர் புரூனோ பெத்தல்ஹைம், பாசமற்ற தாயே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று புத்தகம் எழுதினார். அறிவியல் அதை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டது. நம் ஊரில் அது 'ஃபோன் குடுத்துக் கெடுத்தது', 'வேலைக்குப் போனதால வந்தது' என்று உருமாறி வாழ்கிறது. தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்ற பயமும் அப்படியே: அதைக் கிளப்பிய, 1998இல் வெளிவந்த வேக்ஃபீல்டின் கட்டுரையை 'லான்செட்' மருத்துவ இதழ் 2010இல் மீளப்பெற்றது, வதந்தி மீளவில்லை.

பெற்றோரைக் குற்றம் சாட்டுவதற்குப் பதிலாகப் பயிற்றுவித்தால் என்ன ஆகும் என்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. இரண்டு முதல் ஒன்பது வயது வரையான 65 பிள்ளைகள். பெற்றோரைப் பயிற்றுவித்தவர்கள் மருத்துவர்களோ பட்டம் பெற்ற சிகிச்சையாளர்களோ அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பின் தாயோடு சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் பிள்ளை ஏதோ சொல்ல வந்தது, எந்த இடத்தில் தாய் அதைத் தவறவிட்டார் என்று இருவரும் தேடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பன்னிரண்டு சந்திப்புகள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் தருவது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பு கொள்ளத் தொடங்குவதும் கூடியது. எல்லாம் கூடியது என்றில்லை: இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் குறைந்தது. ஆனாலும் நமக்கு வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. இந்த வேலையைத் தாயின் மொழியில்தான் செய்ய முடியும், அதற்குப் பட்டதாரிகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கற்பிப்பதும் அப்படித்தான், பிள்ளையின் போக்கிலிருந்தே தொடங்க வேண்டும். வெள்ளவத்தையில் ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை, தண்டவாளம் மரைன் டிரைவ் ஓரமாகவே ஓடுகிறது. 'ரயில் ரயில் எண்டு ஒரே அலட்டல்' என்று அதை நிறுத்தப் பார்ப்பார்கள். ஆனால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று வரிசையாகச் சொல்ல வந்தால், முதல், அடுத்தது, கடைசி என்பவை வந்துவிடும். புகையிரத நிலையப் பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. நேர அட்டவணையில் மணியும் கழித்தலும் இருக்கின்றன. ரயில் பிந்தும்போது காத்திருக்கவும் பழக்கலாம், நம் ரயில்கள் அந்தப் பாடத்தைத் தாராளமாகவே நடத்தும். அன்றைய நாளில் நடக்கப்போவதைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவது, ஆடிவேல் ஊர்வலமோ கொட்டாஞ்சேனைத் தேவாலயத் திருவிழா வெடியோ வரும் முன்பே சத்தத்தைப் பற்றிச் சொல்லி வைப்பது, இவையெல்லாம் செலவில்லாதவை.

வீட்டில் தமிழ் என்பதற்காகச் சிங்களத்தை ஒதுக்கிவிட முடியாது. 2009 ஒக்டோபரில் பம்பலப்பிட்டிக் கடலில் மனநலம் பாதிக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் ஒருவர் தடியால் அடித்து விரட்டப்பட்டு, கரையேற முடியாமல் மூழ்கி இறந்தார். அடித்தவர்களில் பொலிஸ்காரரும் இருந்தார். தொலைக்காட்சிக் கமரா அதைப் பதிவு செய்தது. அவருக்கு ஓட்டிசம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத, பதற்றத்தில் கையை உதறும் பதினாறு வயதுத் தமிழ்ப் பையனைத் தனியே தெருவில் விடும் கொழும்புத் தாய் அந்தக் காட்சியை மறந்திருக்கமாட்டாள். பெயர், முகவரி, 'அம்மாவைக் கூப்பிடுங்கள்' என்ற அளவுக்காவது சிங்களம் அவன் வாயிலோ கழுத்து அட்டையிலோ இருக்க வேண்டும். பொலிஸாருக்கும் பயிற்சி வேண்டும்.

சட்டம் பாதகமாக இல்லை. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் ஒன்றின்வழி கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு இந்தியா தன் புதிய சட்டத்தில் ஓட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது, நம் 1996 சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அதிபர் 'எங்களிட்ட அதுக்கு ரீச்சர் இல்லை' என்று சொல்லித் தப்பிக்க முடிகிறது. சர்வதேசப் பாடசாலை எடுத்துக்கொண்டாலும், வகுப்பில் பிள்ளையோடு கூடவே இருக்கும் நிழலாசிரியரின் சம்பளம் பெற்றோர் தலையில் விழுகிறது. அதற்கு வசதியுள்ளவர்கள் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள், வேறு சிலர் சென்னைக்கு விமானம் ஏறுகிறார்கள். கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை 2004 முதல் தமிழில் சிறப்புத்தேவைப் பிள்ளைகளைக் கற்பிக்கிறது. தலைநகரில் தமிழில் அப்படியொன்றைத் தேடி அலைய வேண்டியிருப்பதற்குக் கொழும்பின் வசதி படைத்த தமிழர்களும் பதில் சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்தைக் கல்யாணம் இல்லாத நாட்களில் இதற்குத் திறந்துவிடுவது பெரிய காரியமல்ல.

ராகமையில் தமிழ்ச் சிகிச்சையாளர்களின் எண்ணிக்கை உயர ஆண்டுகள் பிடிக்கும். அதற்கிடையில் செய்யக்கூடியது, கொழும்பு மாநகர சபையின் சிறுவர் கிளினிக்குகளோடு சேர்த்து, கோவாவில் செய்ததுபோலத் தமிழ் பேசும் பெண்களைப் பயிற்றுவிப்பது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உயர்தரம் முடித்துச் சொற்பச் சம்பளத்துக்கு முன்பள்ளிகளில் நிற்கும் இளம் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தேவை ஒரு கைத்தொலைபேசிக் கமராவும், மேற்பார்வைக்கு ஒரு சிகிச்சையாளரும், மாதக் கொடுப்பனவும். அந்தக் கொடுப்பனவை மாநகர சபை தருமா, மாகாணம் தருமா, சுகாதார அமைச்சு தருமா என்ற இழுபறிதான் முதலில் தீர வேண்டியது.