டிரில் சார் முகத்தில் தழும்பு இருந்தது

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் நம் டிரில் சார் தவறிப்போனது எல்லோருக்கும் தெரியும். செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள் என் வாட்ஸ்அப்பில் மட்டும் 9 அஞ்சலிப் படங்கள் வந்து விழுந்தன. மூன்றில் ‘கண்ணீர்’ என்பது ‘கண்ணிர்’ ஆகியிருந்தது. இரண்டில் ‘இமயம் சரிந்தது’. ஒன்றில் சார் படம் தபால்தலை அளவு. கீழே அஞ்சலி செலுத்தும் 14 பேரின் படங்கள் அதைவிடப் பெரிது. துக்கத்தில் செய்தது, போகட்டும் என்று சிவப்பு மைப் பேனாவைத் தேடாமல் இருந்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது பத்தாவதாக வந்த படத்தைப் பற்றி. எல்லோருக்கும் பிடித்துப்போய், பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் சார் வீட்டுக்கே போன படம்.

சார் சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். நெற்றி, கன்னம், மூக்கு நுனி வரை தழும்பு. மேல்பல் ஒன்று பாதிதான் இருக்கும்; கபடியில் போனது. நிறம் நல்ல கறுப்பு, அதிலும் 30 வருஷம் மைதானத்து வெயில். அந்தப் படத்திலோ கன்னம் வழவழவென்று மெழுகினது போல் இருக்கிறது. பல்வரிசை முழுசாக இருக்கிறது. நிறம் இரண்டு படி ஏறியிருக்கிறது. பார்க்க லட்சணமான மனிதர், மறுக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தேன். மாலை போட்டு, விளக்கேற்றி, அந்தப் படத்தைத்தான் வைத்திருந்தார்கள். சாரின் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்கள்: “புள்ளைக ஆசையா செஞ்சு கொண்டாந்திருக்கு டீச்சர். நல்லாத்தான் இருக்கு. ஆனா அது அவுக இல்லையே.” பிறகு பர்ஸிலிருந்து ஓரம் நைந்துபோன ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து, சட்டத்தின் மூலையில் சொருகி வைத்தார்கள்.

செய்த தம்பி யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். நீ ராத்திரி 2 மணி வரை கண்விழித்துச் செய்தாய் என்பதும் தெரியும். இதைப் படித்துவிட்டு வருத்தப்படாதே, ராசா. தப்பு எங்கே நடந்தது என்று உன்னோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரிதான் எழுதுகிறேன்.

உன் கையில் இருந்தது குரூப்பில் சுற்றிச் சுற்றி வந்த படம். வாட்ஸ்அப் ஒவ்வொரு முறையும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சேமித்து, வெட்டி, மறுபடி அனுப்பி என்று பத்துக் கை மாறினால் முகம் புகையாகிவிடும். அதைத் தெளிவாக்க ‘என்ஹான்ஸ்’ என்ற பொத்தானைத் தட்டியிருக்கிறாய். அழிந்துபோன விவரம் அந்தப் பொத்தானுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆயிரமாயிரம் முகங்களைக் காட்டிப் பழக்கிய இயந்திரம் அது. இந்த இடத்தில் சாதாரணமாகக் கன்னம் இப்படி இருக்கும், பல் இப்படி இருக்கும் என்று ஊகித்து வரைந்துவிடுகிறது. தழும்பை அது மங்கலின் பிசிறு என்று நினைத்திருக்கும். ஆக, நமக்குத் திரும்பி வந்தது சாரின் படம் அல்ல. சார் மாதிரி ஒருவரின் ஓவியம்.

“அந்தக் காலத்து ஸ்டுடியோவில் டச்சப் செய்யவில்லையா டீச்சர்?” என்று நீங்கள் கேட்பீர்கள். செய்தார்கள். நெகட்டிவிலேயே கூர்சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பருவை மறைப்பார்கள். என் கல்யாணப் படத்திலேயே அந்த வேலை உண்டு! ஆனால் ஸ்டுடியோக்காரர் எங்கள் முகத்தை நேரில் பார்த்தவர், கேட்டுவிட்டுத் தொட்டவர். உடைந்த பல்லை முளைக்கவைத்ததில்லை.

சாருடைய தழும்பு வெறும் தழும்பும் இல்லை. தடுப்பூசி போட ஆட்கள் பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளைகள் வேலி தாண்டி ஓடும். சார் மைதானத்தில் நின்று, “என் மூஞ்சியைப் பாருங்கடா, அப்புறம் ஓடுங்க” என்பார். ஒரு பயல் ஓடமாட்டான். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-ல். உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-ல். இனி அந்தத் தழும்புள்ள முகத்தை உங்கள் பிள்ளைகள் எங்கே பார்க்கப்போகிறார்கள்? படத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தப் படத்திலும் துடைத்துவிட்டோம்.

கம்ப்யூட்டரே ஆகாது என்கிற கட்சி இல்லை நான். ரிட்டையர் ஆன பிறகு பேத்தியிடம் கேன்வா கற்றுக்கொண்டவள். (முதல் படத்தில் ரோஜா, குத்துவிளக்கு, மயில், ஆறு வகை எழுத்து எல்லாம் போட்டேன். “ஆச்சி, இது பட்டாசுக் கடை விளம்பரமா?” என்று கேட்டாள்.) அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மெலனி பெர்கின்ஸ், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துப் பெண். கல்லூரியில் படிக்கும்போதே மற்ற மாணவர்களுக்கு வடிவமைப்பு மென்பொருள் சொல்லிக்கொடுத்தவர். எந்தப் பொத்தான் எங்கே என்று பழகவே அவர்கள் திண்டாடுவதைப் பார்த்து, 2007-ல் பள்ளி ஆண்டு மலர்களை இணையத்திலேயே தயாரிக்க ஒரு தளம் ஆரம்பித்தார். அதன் தொடர்ச்சிதான் 2013-ல் வந்த கேன்வா. பள்ளி மலர் என்றதும் எனக்குத் தனிப் பாசம். நம் மலரில் ஒரு போட்டோ போட வேண்டுமென்றால் டவுனுக்குப் போய் பிளாக் எடுத்து வர வேண்டும்; அந்தச் செலவுக்குப் பயந்தே பாதிப் படங்களை விட்டுவிடுவோம். இன்று ஒரு ஏழைப் பள்ளிப் பிள்ளை போனிலேயே நோட்டீஸ் செய்கிறது. அது பெரிய காரியம்.

அதனால் நானும் சாருக்கு ஒரு படம் செய்தேன். அந்தப் பாஸ்போர்ட் படத்தை அவர்களிடம் கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் கடையில் 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் எடுத்தேன். 3.5 செ.மீ. அகலமுள்ள படம் அந்த அளவில் 820 புள்ளிக்கு மேல் வரும். 1080-க்கு 1080 சதுரத்தில் வைக்க அதுவே தாராளம். எந்த மந்திரப் பொத்தானும் வேண்டியதில்லை. வெளிச்சம் மட்டும் ஒரு துளி கூட்டினேன். முகத்தைத் தொடவில்லை. பின்னணி வெறும் சாம்பல் நிறம்.

எழுத்துக்கு முக்தா மலர். கூகுளில் இலவசம், மீரா இனிமையும் நன்றாக இருக்கும். ஒன்று கவனியுங்கள்: சில செயலிகளில் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து போகும். அனுப்புமுன் ‘கொ’, ‘யௌ’, ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். மாதிரி அட்டையில் ஏற்கெனவே எழுதியிருக்கும் வாசகத்தை முதலில் அழியுங்கள். இமயம் சரிந்ததை எல்லோருக்கும் எழுதலாம். நான் எழுதியது: ‘நம் மைதானத்து வேப்பமரங்கள் ஏழும் இவர் நட்டவை. விசிலை மறந்து வந்தால் இரண்டு விரலால் ஊதுவார்.’ கீழே பிறந்த வருஷம், மறைந்த தேதி. முடித்து எழ இரண்டு மணி நேரம் ஆனது. அதில் ஒன்றரை மணி நேரம் அந்த இரண்டு வரிக்கு.

சட்டம் போட்டு அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டேன். தம்பி செய்ததையும் எடுக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன். சாரின் நினைவாகப் பழைய படங்களைச் சேர்க்கிறேன். விளையாட்டு விழா, குரூப் போட்டோ, டூர் எதுவாக இருந்தாலும் சரி. பிரிண்ட் இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். முடியாவிட்டால் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்து அனுப்புங்கள், சுருங்காமல் வரும். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஒரு படம் எடுங்கள். கிழிசல், கறை, பூஞ்சை எது இருந்தாலும் அப்படியே வரட்டும்.

தம்பி, உன்னிடம் அந்த 1987 கபடி டீம் படம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முதலில் அதை அனுப்பு.