அவள் சொல்லே முதற்சொல்

எத்தனை மக்களைப் பெறுவது, எப்பொழுது பெறுவது, போதுமென்று எப்பொழுது நிறுத்துவது - இவற்றை முடிவு செய்ய வேண்டியவர் யார்? பெறுகின்ற தாயே என்று விடைகூற மாணவ நண்பர்கள் எவரும் தயங்கமாட்டார்கள். ஆனால், காட்டிலும் மலையிலும் வாழும் பழங்குடிப் பெண்ணைப் பொறுத்தவரை, இவ்வெளிய விடை இன்னும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கிறது. அவளுக்காகப் பிறர் முடிவு செய்கின்றனர். அவளோ அதன் பயனைத் தன் உடலில் சுமக்கிறாள்.

மத்தியப் பிரதேசத்துப் பைகா மக்களின் கதையைக் கேளுங்கள். அவர்களைப் போன்ற சிறு பழங்குடிகள் அருகி வருகின்றன என்று அஞ்சிய அம்மாநில அரசு, அவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யக்கூடாதென 1979-இல் ஆணையிட்டது. 2000-இல் சத்தீசுகர் தனி மாநிலமான பின்னரும் அத்தடை அங்கே தொடர்ந்தது. நான்கும் ஐந்தும் பெற்று நலிந்த தாய் ஒருத்தி, "ஐயா, இனி என்னால் இயலாது" என்று மருத்துவமனை வாயிலில் நின்றால், "உன் குலத்தார்க்கு இல்லை" என்பதே விடை. தன் குலத்தை மறைத்தே சிகிச்சை பெறும் நிலைக்குப் பெண்கள் தள்ளப்பட்டனர்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பாருங்கள். 2014 நவம்பரில் அதே சத்தீசுகரின் பிலாசுப்பூர் மாவட்டத்தில் கருத்தடை முகாம்கள் நடந்தன. ஒரு முகாமில் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்து முடித்தார். அந்நாட்களில் நடந்த முகாம்களில் 13 பெண்கள் மாண்டனர். மாண்டவருள் பைகா குலப் பெண்ணும் உண்டு! கேட்டவளுக்கு மறுத்த அதே அரசின் முகாமிலே, அதே குலத்தாள் உயிரிழந்தாள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதானே?

தடையும் முகாமும் ஒன்றுக்கொன்று எதிரானவை போல் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே: பெண்ணை எண்ணிக்கையாகக் காண்பது. எண்ணிக்கை குறைகிறதென்றால் 'பெறு' என்பர். மிகுகிறதென்றால் 'நிறுத்து' என்பர். 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பார் மட்டும் இல்லை.

இந்நோய் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1966 முதல் கிரீன்லாந்துப் பழங்குடிப் பெண்களும் சிறுமியருமாக ஏறத்தாழ 4,500 பேருக்கு டேனிஷ் மருத்துவர்கள் கருத்தடைச் சுருளைப் பொருத்தினர். பலருக்கு அதுபற்றித் தெரியவே தெரியாது. டென்மார்க் அரசு மன்னிப்புக் கோரியது 2025-இல்தான்! பெரு நாட்டிலும் 1990-களில் மலைவாழ் பெண்கள் பெருந்தொகையினர் வற்புறுத்தலால் கருத்தடை அறுவைக்கு உள்ளாயினர்.

"தடையை நீக்கினால் சிறுகுடிகள் அழிந்துவிடாவா?" என்று சிலர் கேட்கலாம். அறிவியல் மாணவன் என்ற முறையில் விடை சொல்வேன். ஒரு குடி அருகுவது, தாய் தானே விரும்பி நிறுத்துவதால் அன்று. பிறந்த குழந்தை பிழைக்காமையால். மலைக்காய்ச்சல், சோகை, ஊட்டக்குறைவு, எட்டாத மருத்துவமனை ஆகியவையே எமன்கள். இவற்றை ஒழிக்காமல் கருப்பைக்குக் காவல் போடுவது, ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டு நீர் மொள்பவளைக் கடிவது போன்றது.

"அவர்கள் கல்லாதவர்கள், தம் நலம் அறியார்" என்பாரும் உளர். பைகா பெண்களே இதற்கு விடையளித்துவிட்டனர். 2017-இல் அவர்கள் உயர்நீதிமன்றம் ஏறினர். 2018-இல் அத்தடை நீக்கப்பட்டது. கருத்தடை முகாம்களை மூன்றாண்டுக்குள் கைவிட வேண்டுமென உச்சநீதிமன்றமும் 2016-இலேயே கூறியிருந்தது. ஆயினும் 2022 ஆகஸ்டில், நம் ஐதராபாத்தை அடுத்த இப்ராகிம்பட்டணத்தில் ஒரே நாளில் 34 பெண்களுக்கு அறுவை நடந்தது, நால்வர் மாண்டனர். தீர்ப்பு ஏட்டில் இருந்தது. முகாம் நாட்டில் இருந்தது.

தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? தெலங்கானாவின் வடகோடியில் வாழும் கோண்டர், கோலாமர் ஆகியோரின் மொழிகள் தமிழுக்கு உடன்பிறப்பு. மேலும், அயல்மொழித் தாளில் கையொப்பமிடுவதன் துன்பம் நமக்குத் தெரியாததன்று. பிழைப்பு நாடிச் சனத்நகருக்கு வந்த குடும்பங்களில் எங்களதும் ஒன்று. என் அத்தை, இரண்டாம் பேற்றின்போது, தெலுங்கில் அச்சிட்ட ஒப்புதல் தாளில் ஓரெழுத்தும் அறியாமலே கையெழுத்திட்டார். படித்துச் சொல்வார் அங்கு எவருமில்லை. நகரத்திலேயே இந்நிலையென்றால், கோலாமி மட்டுமே அறிந்த மலைப்பெண்ணின் 'சம்மதம்' எத்தகையது? புரியாமல் வைத்த கைநாட்டு சம்மதமாகுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டதோ 100-க்கு அரைப்பங்கும் இல்லை, 0.3 தான். ஆணுக்குரிய அறுவையில் வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை. சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். எளியதை விடுத்து அரியதைப் பெண் தலையில் சுமத்துவது என்ன நீதி? மலையிலும் நகரிலும் இக்குற்றம் ஒன்றே.

வேண்டுவன சிலவே. முகாம்கள் ஒழிய வேண்டும்; எந்நாளும் திறந்திருக்கும் மருத்துவமனை வேண்டும். மாத்திரை, ஊசி, சுருள், அறுவை ஆகிய அனைத்தையும் நன்மை தீமைகளோடு அவள் மொழியிலேயே விளக்க வேண்டும். ஒப்புதல் தாள் கோண்டியிலும் கோலாமியிலும் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். 'வேண்டும்' என்றால் தடை கூடாது. 'வேண்டா' என்றால் வற்புறுத்தல் கூடாது.

மருத்துவம் பயிலும் மன்றத் தோழர்களே, நாளை அந்த மேசைக்கு எதிரே அமரப் போகிறவர்கள் நீங்கள். கத்தியை எடுக்குமுன் காதைக் கொடுங்கள்!