பாட்டனார் விட்டுச் சென்ற தோட்டாக்கள்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துக் கூறுவதை வாசகர்கள் அறிவர். இவற்றுள் முதுசம் என்பது நாம் தேடாமலே முன்னோரிடமிருந்து நம்மை வந்தடைவது. காணியோ வீடோ முதுசமாக வந்தால் அதனை என்ன செய்வதென்று நாம் தடுமாறுவதில்லை. வெடிக்கக்கூடிய பொருளொன்று முதுசமாக வந்தால் என்ன செய்வது?

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாட்டுப்புறங்களில் மான் வேட்டையும் தாரா வேட்டையும் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்ப வழக்கங்கள். பாட்டனார் காலமான பின்னர் அவரது அறையைத் துப்புரவு செய்யும் பேரர்கள், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து மட்டைப் பெட்டியொன்றை எடுப்பார்கள். மேலே பறக்கும் தாராவின் படம்; வின்செஸ்டர் என்றோ ரெமிங்டன் என்றோ பெயர்; உள்ளே கடதாசிக் கூட்டில் அடைத்த தோட்டாக்கள். பிளாஸ்திக்குக் கூடுகள் 1960ஆம் ஆண்டையொட்டியே பரவத் தொடங்கியமையால், கடதாசிக் கூடு பெரும்பாலும் பழமைக்கு அடையாளம்.

அப்பொழுது விவாதம் எழும். “சுடுவதற்காகத்தானே பாட்டா இவற்றை வாங்கினார்? அவர் நினைவாகச் சுடுவதே மரியாதை” என்பான் ஒருவன். “சுட்டால் புகைதான் மிஞ்சும், அப்படியே வைத்திருப்போம்” என்பான் மற்றவன். இருவர் பேச்சிலும் அன்பு இருக்கிறது. ஆனால் தோட்டாவுக்கு நம் அன்பு தெரியாது. ஆதலால் முதலில் தோட்டாவின் இயல்பை அறிதல் வேண்டும்.

முதலாவது, உள்ளிருக்கும் மருந்து. பழைய கரிமருந்து வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்தது. ஈரம் படாவிடில் அது நூறாண்டு கழிந்தும் தன் குணத்தை இழப்பதில்லை. கிழண்டிப் போயிற்று என்று அதனை அலட்சியம் செய்தல் ஆகாது. 1884ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் போல் வியேய் என்பவர் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். இதற்கு மூலப்பொருள் நைத்திரோ செலுலோசு. இது காலம் செல்லச் செல்லத் தானே சிதைவுறும். சிதையும்போது வெளிவரும் நைத்திரசன் ஒட்சைட்டுகள் அமிலமாகி அச்சிதைவை மேலும் விரைவுபடுத்தும். ரூலோன் துறைமுகத்திலே 1907இல் ‘இயேனா’ என்ற போர்க்கப்பலும், 1911இல் ‘லிபெர்த்தே’ என்ற போர்க்கப்பலும் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டமைக்கு இம்மருந்தின் சிதைவே காரணமெனக் கொள்ளப்பட்டது. கப்பலில் மருந்து தொன் கணக்கில் குவிந்திருந்தமையால் உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற வழியில்லாது போயிற்று. ஒரு பெட்டித் தோட்டா அவ்வாறு தானே தீப்பற்றுவது வழக்கமன்று. ஆயினும் கெட்ட மருந்துள்ள தோட்டா சுடும்போது சதி செய்யும். புளித்த அமில நெடியும், செங்கபில நிறத் தூளும் மருந்து கெட்டமைக்கு அறிகுறிகள்.

இரண்டாவது, பித்தளைக் கூடு. இதனைப் பற்றிய பாடம் நமது அயலிலுள்ள இந்தியாவிலேயே கிடைத்தது. பிரித்தானியப் படையினர் மழைக்காலத்திலே குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் காரணமின்றிக் கீறல் விட்டுப் பிளந்தன. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும், பித்தளையை இழுத்து உருவாக்கும்போது அதனுள் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்தே இதனைச் செய்தன என்பது 1921இல் விளக்கப்பட்டது. வெளியே பளபளப்பாகத் தோன்றும் கூட்டிலும் மயிரிழை போன்ற கீறல் இருக்கலாம்.

மூன்றாவது, அடியில் நெருப்பைப் பிறப்பிக்கும் சிறு கேப்பு. அமெரிக்க இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் 1950களின் தொடக்கம் வரையில் பொற்றாசியங் குளோரேற்றுக் கலந்த கேப்புகளே இருந்தன. சுட்ட பின்னர் குழலினுள்ளே ஒருவகை உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயில் அவ்வுப்புக் கரையாது. நீரினாற் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இடல் வேண்டும். தோட்டா நன்றாய் வெடித்தது என்று மகிழ்ந்தவன், சில நாட்களில் பாட்டனாரின் துவக்குத் துருவேறி நிற்பதைக் காண்பான்.

இனிச் சுடுவதா, வைத்திருப்பதா என்ற கேள்விக்கு வருவோம். பெட்டி முழுமையாக, முத்திரை கலையாது, படம் மங்காது இருப்பின், அதனைச் சுடுவது அறியாமை. சேகரிப்போர் அத்தகைய பெட்டிக்குப் பல நூறு டொலர் கொடுப்பதுமுண்டு. கூடுகளை மினுக்கினால் அம்மதிப்புக் குறையும். பெயர்பெற்ற தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த சாதாரணத் தோட்டா உதிரியாக இருந்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கப்பட்டதென்பதும் தெரிந்து, துவக்குத் தொழில் வல்லார் பார்த்து உடன்படின், சுடுவதிற் குற்றமில்லை. ஆனால் விசையை இழுத்தும் வெடிக்காவிடில் உடனே திறந்து பார்த்தலாகாது. குழலைப் பாதுகாப்பான திசையில் நிறுத்தி அரை நிமிடமேனும் பொறுத்தல் வேண்டும். சத்தம் மெலிந்து கேட்டால் அடுத்த தோட்டாவை இடவே கூடாது. முன்னைய குண்டு குழலில் சிக்கி நிற்குமாயின், அடுத்த வெடி குழலையே பிளந்துவிடும்.

எஞ்சியது, பாட்டனார் வீட்டிலிருந்து தம் கையாலேயே மருந்து அடைத்த தோட்டா. பேரனுக்கு மற்றெல்லாவற்றிலும் அருமையானது இதுவே; எல்லாவற்றிலும் நம்பத்தகாததும் இதுவே. எந்த மருந்தை எவ்வளவு இட்டார் என்பதை அவர் ஒருவரே அறிவார். அவரும் இப்பொழுது இல்லை. இதனைச் சுடவும் கூடாது. உயிருள்ள தோட்டாவாக வைத்திருக்கவும் கூடாது. அறிந்தவரிடம் கொடுத்து மருந்தையும் கேப்பையும் நீக்குவித்து, வெறுங் கூட்டை மாத்திரம் வாங்கிக்கொள்ளலாம். அத்துடன் அவர் கையெழுத்திலுள்ள குறிப்புப் புத்தகம் கிடைக்குமாயின், எமது அபிப்பிராயத்தில் அதுவே உண்மையான முதுசம். அவர் நினைவு அவர் எழுத்திலும் அவர் கைபட்ட பெட்டியிலும் இருக்கின்றது. அதற்காக வீட்டில் மருந்தை வைத்திருக்க வேண்டியதில்லை.

எவ்வகைத் தோட்டாவாயினும் வீட்டில் வைப்போர், வெயிலிற் கொதிக்கும் மேல்மாடத்தை விடுத்து, உலர்ந்த இடத்தில், சிறுவர் கைக்கு எட்டாது பூட்டி வைத்தல் வேண்டும். வேண்டாமென்று கண்டால் குப்பையிலோ நெருப்பிலோ கிணற்றிலோ எறியாது பொலிஸாரிடம் அறிவித்தலே முறை.

நமது இலங்கையிலோ இக்கேள்வி இவ்வளவு தூரம் வளர இடமில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்போர் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். தகப்பனார் பெற்ற அனுமதி மகனுக்குத் தானாக வந்து சேராது. பழைய பெட்டகத்தில் தோட்டா அகப்பட்டால், அதனைச் சுடுவதா வைத்திருப்பதா என்று யோசியாது பொலிஸாருக்கு அறிவித்தலே தக்கது.

ஆயினும் நமக்கென்று வேறொரு முதுசம் வந்து சேர்ந்திருக்கிறது. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும் விட்டுப்போன தோட்டாக்களும் எறிகணைகளும் கண்ணிவெடிகளும் தோட்டங் கொத்தும்போதும் கிணறு துப்புரவு செய்யும்போதும் வெளிவருவதுண்டு. துருவேறிய பொருள் செத்த பொருளன்று என்பதை மேலே சொன்னவற்றிலிருந்து மாணவர்கள் உணர்ந்திருப்பார்கள். அத்தகையதைக் கண்டால் தொடவேண்டாம். கல்லால் தட்டிப் பார்க்கவேண்டாம். பித்தளைக்கும் இரும்புக்கும் ஆசைப்பட்டு விற்க எடுக்கவேண்டாம். வந்த வழியே திரும்பிச் சென்று, இடத்தை நினைவில் வைத்து, பெற்றோருக்கும் பொலிஸாருக்கும் அல்லது கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். உங்கள் தம்பி தங்கையருக்கும் இதனை இன்றே சொல்லி வையுங்கள்.