விளக்கெண்ணெய்த் தீர்ப்பு!

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயர் பண்ணையார். காரணப் பெயர்தான். வேலை என்று எதுவும் பார்ப்பதில்லை. குளச்சல் சாளை மீன் வந்தால் மட்டும் வாசல் வரை எழுந்தருளுவார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் பண்ணையார் மணல் பெட்டியில் ஏறினார். முக்கினார். இறங்கினார். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி ஏறினார். முகத்தில் சீட்டுப் பணம் கட்டாதவனின் கவலை.

"மலச்சிக்கல். வேறென்ன?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் வீட்டுக்காரி.

அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியர்! அம்மா விளக்கெண்ணெய்க் குப்பியோடு வந்தாள். "ஒரு பாலாடை ஊத்து மக்கா. சவம் சொகமாயிரும்."

பக்கத்து வீட்டு அண்ணாச்சி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ரெண்டு மட்டிப்பழம் குடும்வே. எனக்கு அதான் கேக்கும்."

"பூனை பழம் திங்குமா அண்ணாச்சி?"

"நான் திங்கேனே!"

நல்லவேளை, என் மகள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"ஆணா, பெண்ணா?"

"ஆண்."

"மூத்திரம் போச்சா?"

எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம். ராத்திரி போட்ட மணல் அப்படியே காய்ந்து கிடந்தது.

"எண்ணெயைக் கீழே வச்சிட்டுப் பூனையைத் தூக்கிட்டு வாங்க. இப்பவே!"

விஷயம் இதுதான். மலம் வராவிட்டாலும் பூனை முக்கும். மூத்திரம் அடைத்துக்கொண்டாலும் அதே மாதிரிதான் முக்கும். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். துளி கல்லோ சளியோ போதும், அடைத்துவிடும். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. டாக்டர் மயக்க மருந்து கொடுத்துச் சின்னக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். "நாளைக்கு வந்திருந்தா பூனை இருந்திருக்காது" என்றார்.

அம்மாவின் எண்ணெயையும் விசாரித்தார். பூனை வாயில் பலவந்தமாக எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் விடுமாம். மனிதருக்கான எனிமாவோ அதைவிட மோசம். சிலவற்றில் இருக்கிற பாஸ்பேட் பூனையைக் கொன்றேவிடும்.

நிஜ மலச்சிக்கல் எப்படி இருக்கும்? பூனை சாதாரணமாக நாளுக்கு ஒரு தடவை போகும். இரண்டு நாள் போகாவிட்டாலோ, ஆட்டுப் புழுக்கை மாதிரி காய்ந்து விழுந்தாலோ, சாப்பிடாமல் வாந்தி எடுத்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். சில நேரம் உள்ளே கட்டியாக அடைத்திருக்க, பக்கவாட்டில் கொஞ்சம் தண்ணீராகக் கசியும். வயிற்றுப்போக்கு என்று ஏமாந்துவிடக் கூடாது.

பாலைவனப் பரம்பரை என்பதால் பூனைக்குத் தாகம் குறைவு. வெறும் காய்ந்த தீனி, விழுங்கின ரோமம், மீன் முள், வயசு, அழுக்கு மணல் பெட்டி, எல்லாமே காரணம். நாலு இடத்தில் தண்ணீர் வையுங்கள். உப்பு, மிளகாய் சேர்க்காமல் மீனை அவித்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். ரோமத்தைச் சீவி விடுங்கள். பெட்டியைத் தினமும் சுத்தம் பண்ணுங்கள். பண்ணும்போது ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பண்ணையார் இப்போது சௌக்கியம். தினமும் விடிந்ததும் வீடே பெட்டியைச் சுற்றி நிற்கிறது. "போனாரா? எத்தனை தடவை? ஈரம் இருக்கா?"

முப்பது வருஷமாக இந்த வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறேன். என்னிடம் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை!