தேனுக்குத் தண்ணீர்தான் எதிரி

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் மலைக்குத் தென்மலை என்று பெயர். முதல் எழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் தேன்மலை. அப்படிச் சொன்னாலும் தப்பில்லை. மேலே நெல்லியாம்பதி, அதற்கும் அப்பால் பறம்பிக்குளம். காடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்துவரும் காடுகள் இவை. (குமரி மாவட்டத்திலும் ஒரு கொல்லங்கோடு உண்டு. நாம் சொல்வது பொள்ளாச்சி - பாலக்காடு ரயில் பாதையில் இருப்பது.)

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பக்கத்தில், தேனில் எதையாவது ஊறப்போட்டு வைப்பது புதிய நாகரிகமல்ல. நெல்லிக்காய், சுக்கு, திப்பிலி, துளசி, ரோஜா இதழ் என்று வீட்டுக்கு வீடு மாறும். இடுக்கி மலைப் பக்கம் போனால் ஏலக்காயும் சேர்ந்துகொள்ளும். இப்போது அதுவே அழகான கண்ணாடிப் புட்டியில், பூப்படம் ஒட்டி, நல்ல விலைக்கு வருகிறது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும்: தேன் ஏன் கெடுவதில்லை?

தண்ணீர் குறைவு என்பதால்தான். நன்றாக முதிர்ந்த தேனில் ஈரம் நூற்றுக்கு 17, 18 பங்குதான். இந்திய உணவுத் தர விதிகள் 20 வரை அனுமதிக்கின்றன. மீதி பெரும்பாலும் சர்க்கரை. அதில் விழுந்த கிருமியின் உடலிலிருந்தே தேன் நீரை உறிஞ்சிவிடும். போதாததற்குப் புளிப்புத்தன்மையும் உண்டு. ஈரம் 20ஐத் தாண்டும்போது இந்தக் காவல் தளர்கிறது. ஈஸ்ட் கிளம்பி, தேன் நுரைத்துப் புளிக்கிறது. மலைத்தேனீயின் தேனில் இயல்பாகவே ஈரம் சற்று அதிகம். அதில் பச்சை இதழை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? இதழின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

ஆகவே முதல் விதி: ஊறப்போடும் பொருள் காய்ந்திருக்க வேண்டும். வெயிலில் போட்டால் வாசனை பறந்துவிடும்; நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். இதற்குக் கொல்லங்கோட்டுக்காரர்களுக்கு இயற்கையே உதவி செய்கிறது. கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும். விருச்சிகக் காற்று என்பார்கள். உதட்டை வெடிக்க வைக்கும் அந்தக் காற்று துளசியையும் ரோஜாவையும் சருகாக்கிக் கொடுத்துவிடும். ஆடி மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. திறந்து வைத்த தேன் காற்றின் ஈரத்தையே குடித்துவிடும்.

பிறகு சுலபம். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் காய்ந்த இதழ் அல்லது இலை. மேலே தேன், இதழ் மூழ்கும்வரை. தினமும் ஒருமுறை பாட்டிலைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இரண்டு வாரத்தில் வாசனை இறங்கிவிடும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்துவைக்கலாம். பிரிட்ஜ் வேண்டாம், குளிரில் தேன் சீக்கிரம் உறைந்து சர்க்கரைபோல ஆகிவிடும். உறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் போதும். அடுப்பில் வைக்கக் கூடாது. தேனைச் சுடவைக்காதே என்று சரக சம்ஹிதை சொல்கிறது. சூட்டில் தேனின் என்சைம்கள் அழிகின்றன என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. காரணங்கள் வேறு, முடிவு ஒன்றுதான்.

தேன்நெல்லி மட்டும் கொஞ்சம் வேறு ரகம். நெல்லிக்காயை முழுக்கக் காயவைக்க முடியாது. துடைத்து, முள்கரண்டியால் குத்தி, ஈரம் வற்ற நிழலில் வைத்துத் தேனில் போடுகிறோம். சில நாளில் காய் சுருங்கும், தேன் நீர்த்துப்போகும். காயின் தண்ணீர் தேனுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தேனை முதலில் சாப்பிட்டுவிட்டு, காயில் புதுத் தேன் ஊற்றுவது நல்லது. பச்சை இஞ்சிக்கும் பூண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொஞ்சமாகப் போட்டுச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது விதி: தெரிந்த பூவை மட்டும் போடுங்கள். பன்னீர் ரோஜா, செம்பருத்தி, ஆவாரம்பூ ஆகியவை நம் வீடுகளில் பழகியவை. ஆனால் பூஜைக்கு உகந்ததெல்லாம் வயிற்றுக்கு உகந்ததல்ல. 2024 ஏப்ரலில் கேரளத்தில் ஓர் இளம்பெண் இறந்தபோது, அவர் அரளியைக் கடித்ததுதான் காரணம் என்ற சந்தேகம் எழுந்தது. அடுத்த மாதமே திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளியை விலக்கின. அரளியின் நஞ்சு காய்ந்தாலும் போகாது, தேனில் ஊறினாலும் போகாது. கடைப் பூவும் வேண்டாம். மாலை கட்ட வளர்த்த பூவுக்குப் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். தேனில் போடுகிற பூவைக் கழுவவும் முடியாது.

மூன்றாவதை விதி என்பதைவிடத் தடை என்றே சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது நம்மிடம் சேனை. கேரளத்தில் பொன்னும் வயம்பும் உரைத்துத் தேனில் குழைப்பார்கள். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது. போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் உறங்கிக்கிடக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றை முளைக்கவிடாது. சிசுவின் குடலுக்கு அந்தத் திறமை இன்னும் வந்திருக்காது. மூலிகை சேர்ந்ததால் இந்த ஆபத்து குறைவதில்லை. நீரிழிவுக்காரர்களும் நினைவில் வைக்க வேண்டியது: ஆவாரம்பூ போட்டாலும் தேன் சர்க்கரைதான்.

கடைசியாக, தேன் தேனாக இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனிகளின் தேனைச் சோதிக்கக் கொடுத்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றுதான். சர்க்கரைப் பாகில் ரோஜாவை ஊறப்போட்டால் கிடைப்பது குல்கந்துக்குத் தம்பி. ருசியாகத்தான் இருக்கும்; ஆனால் தேன் விலை கொடுக்க வேண்டியதில்லை. காட்டில் தேன் எடுக்கும் பழங்குடிகளின் சங்கங்களிலோ, பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவர்களிடமோ நேரில் வாங்குங்கள். எந்த மாதம் எடுத்தது என்றும் கேளுங்கள். மழைக்கு முன் என்று பதில் வந்தால் பூவை உலர்த்த ஆரம்பிக்கலாம்.