வயோதிக காலச் சேமிப்பும் இளங் குடியானவரும்

வீட்டில் எத்தனை முடை நேரிடினும் விதைக் கோட்டையை அவிழ்க்கலாகாது என்பது நம் குடியானவர்களின் வழக்கம். அடுத்த போகத்திற்கு இவ்வளவு முன்யோசனை செய்பவர்கள், தம் உடல் ஓயும் காலத்திற்கென யாதொன்றும் எடுத்துவைப்பதில்லை. உத்தியோகஸ்தருக்கு உபகாரச் சம்பளம் உண்டு. ஏர் பிடிப்பவருக்கு அத்தகைய ஏற்பாடு நெடுங்காலம் இல்லாதிருந்தது.

முன்னர்ச் சங்கரன்கோவில் தாலுகாவைச் சேர்ந்திருந்த சிவகிரிப் பிரதேசத்தில், நிலம் தலைமுறைதோறும் பாகமாகிச் சிறுத்து வருகிறது. பிள்ளைகள் பிழைப்பை நாடி வெளியூர் செல்கின்றனர். வயோதிகத்தில் மக்கள் காப்பாற்றுவர் என்னும் நம்பிக்கை தவறன்று. ஆயினும் அஃதொன்றையே நம்பியிருத்தல் விவேகமாகாது.

2019-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் மத்திய சர்க்கார், பிரதான் மந்திரி கிசான் மான்தன் என்னும் உபகாரச் சம்பளத் திட்டத்தைத் தொடங்கினர். 2 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கருக்கு மேற்படாத நிலமுடைய 18 முதல் 40 வயதுக்குட்பட்ட விவசாயிகளுக்கு இஃது ஏற்பட்டது. 60 வயது முதல் மாதந்தோறும் ரூ. 3,000 கிடைக்கும். சந்தாதாரர் செலுத்தும் தொகைக்குச் சமமான தொகையைச் சர்க்காரும் செலுத்துகின்றனர்.

இதில் சந்தா விகிதமே கவனிக்கற்பாலது. 18 வயதில் சேர்பவர் மாதம் ரூ. 55 செலுத்தவேண்டும், 29 வயதில் ரூ. 100, 40 வயதில் ரூ. 200. முதலாமவர் 42 வருஷங்களில் செலுத்துவது மொத்தம் ரூ. 27,720. கடைசியானவர் 20 வருஷங்களில் செலுத்துவதோ ரூ. 48,000. இருவருக்கும் பலன் ஒன்றே. குறைவாகக் கொடுத்தவருக்கு உதவியது யாது? வட்டிக்கு வட்டி ஏறுவதற்கு அவர் விட்ட காலமேயாம். முந்தி நட்ட தென்னை முந்திக் காய்க்கும். பிந்தி நட்டதற்கு எத்துணை எருவிட்டாலும் கழிந்த வருஷங்கள் திரும்பா.

எனினும், ரூ. 3,000 மட்டுமே போதுமென்று எவரும் இருந்துவிடலாகாது. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுமாயின், 12 வருஷத்திற்கொருமுறை அது இரட்டிக்கும். இன்று 24 வயதுள்ளவர் 60 வயதை அடையும்போது, அத்தொகை இன்றைய ரூ. 375-க்கே சமமாகும். ஆகையால் இதனை அஸ்திவாரமாக மட்டும் கொண்டு, தபாலாபீஸ் அல்லது கூட்டுறவு பாங்கியில் அறுவடைதோறும் ஒரு பங்கு சேர்த்தலும், வரப்போரத்தில் தென்னை வைத்தலும் அவசியம். நெட்டைத் தென்னை ஆறேழு வருஷத்தில் காய்ப்புக்கு வந்து, அறுபது வருஷம் வரை பலன் தரவல்லது. கந்துவட்டிக் கடன் உள்ளவர் அதனை முதலில் தீர்ப்பதே சிறந்த சேமிப்பாகும்.

பட்டா தந்தையின் பெயரிலேயே இருப்பதால் இத்திட்டத்தில் இடம்பெறாத வாலிபர் பலர். அன்னோருக்கு 2015-இல் ஏற்பட்ட அடல் பென்ஷன் யோஜனா உண்டு. பாங்கிக் கணக்குள்ள, வருமானவரி செலுத்தாத, 18 முதல் 40 வயதினர் அதில் சேரலாம். மாதம் ரூ. 5,000 பெற 18 வயதில் ரூ. 210-ம், 40 வயதில் ரூ. 1,454-ம் சந்தா. அங்கும் தாமதத்தின் விலை இதுவே.

ஆதலின், பெரியோர் தம் பிள்ளைகளுக்கு நிலத்தைப் பாகம் பிரித்துக் கொடுப்பதோடமையாது, 18 வயது நிரம்பிய அன்றே அவர்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கையும் தொடங்கிவைப்பாராக. பருவத்தே பயிர் செய்தல் பணத்திற்கும் பொருந்தும்.