நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பணியும் நம் தமிழும்

"தமிழ் படித்து என்ன வேலைக்குப் போவது?" நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பல வீடுகளில் இக்கேள்வி எழுகிறது. ஆசிரியர், செய்தி வாசிப்பாளர், பத்திரிகையாளர் என்று மூன்று விடைகளோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்ற பணியை ஏனோ மறந்துவிடுகிறோம். மலாயில் இவரை 'ஜுருபஹாசா' என்பர்.

நீதிமன்றத்தில் பேசப்படுவதைப் பதிவு செய்வதற்கென்றே சில நாடுகளில் தனிப் பணியாளர்கள் உள்ளனர். அமெரிக்காவில் அவர்கள் சுருக்கெழுத்துப் பொறியில் பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தி, அசை அசையாக எழுதுகிறார்கள். அங்குள்ள ஒரு தொழில்முறைத் தேர்வில் கேள்வி பதில்களை நிமிடத்திற்கு 225 சொற்கள் என்ற வேகத்தில், 95 விழுக்காடு பிழையின்றிப் பதிவு செய்ய வேண்டும். மலேசியாவில் நீதிபதிகளே நெடுங்காலம் கையால் குறிப்பெழுதி வந்தனர். இப்போது ஒலி, ஒளிப்பதிவுக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால், தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது கருவி மட்டும் போதாது. வழக்கு நடப்பதோ மலாயில்; சில வேளைகளில் ஆங்கிலத்தில். ஆகவே, நீதிபதியின் காதுக்கும் வழக்குக் குறிப்புக்கும் போய்ச் சேர்வது மொழிபெயர்ப்பாளர் சொன்ன சொல்தான். மேல்முறையீட்டில் ஆராயப்படுவதும் அந்தக் குறிப்புதான்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். "அவன் என்னைக் குத்திட்டான்" என்று ஒரு சாட்சி சொல்வதாக வைத்துக்கொள்வோம். கைமுட்டியால் குத்தினாலும் குத்துதான். கத்தியால் குத்தினாலும் குத்துதான். மலாயில் முன்னது 'தும்புக்', பின்னது 'திக்காம்'. நம் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே காயம் விளைவித்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். ஆபத்தான ஆயுதத்தால் அக்காயத்தை விளைவித்திருந்தால், 324ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை விதிக்கலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஊகித்துச் சொல்லமாட்டார். இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்று நீதிபதியிடம் தெரிவித்து, சாட்சியிடம் விளக்கம் கேட்க அனுமதி பெறுவார்.

இது போன்றவை ஏராளம். "தண்ணி போட்டிருந்தாரு" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருளே இராது. 'மாமா' என்பவர் தாயின் உடன்பிறந்தவரா, மாமனாரா, பக்கத்து வீட்டுக்காரரா? "தப்புதாங்க, ஆனா அவன்தான் முதல்ல அடிச்சான்" என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் சொல்லும்போது, முதல் சொல்லை மட்டும் மலாயில் பெயர்த்தால் அது குற்ற ஒப்புதலாகிவிடும். பின்பாதியையும் சேர்த்தால்தான், அவர் முழு மனத்தோடு குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பது நீதிபதிக்குத் தெரியவரும்.

"அண்ணே, ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்களா?" என்று அவர் மெல்லக் கேட்கவும் கூடும். அதற்கு மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்லக்கூடாது. கேட்டதை அப்படியே நீதிபதியிடம் சொல்ல வேண்டும். இப்பணியில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். நம்மவர் என்ற பரிவு இருக்கும்; ஆனால் அது மொழிபெயர்ப்பில் கலந்துவிடக்கூடாது. இதோடு, குற்றச்சாட்டை வாசிப்பது, சான்றுப் பொருள்களுக்கு எண்ணிடுவது, கோப்புகளைப் பேணுவது போன்ற அலுவல்களும் அவருக்கு உண்டு.

பணியில் சேர்வது எப்படி? பொதுச்சேவை ஆணையம் ஆள் சேர்க்கும் காலத்தில் அறிவிப்பு வெளியிடும். எஸ்.பி.எம். சான்றிதழோடு சேரும் நிலையும் உண்டு. அதைவிட உயர்ந்த கல்வித் தகுதி உடையோருக்கான நிலையும் உண்டு. பாங்கியில் உள்ள இல்காப் கழகம் நீதித்துறை, சட்டத்துறைப் பணியாளர்களுக்குப் பயிற்சிகள் நடத்துகிறது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மொழிபெயர்ப்பைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. ஆயினும் அது மலாயையும் ஆங்கிலத்தையும் மையமாகக் கொண்டது. தமிழிலிருந்து மலாய்க்கு வாய்மொழியாகப் பெயர்க்கும் பயிற்சி நம் பள்ளிகளிலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு மொழி தெரிந்தவரெல்லாம் மொழிபெயர்த்துவிடலாம் என்ற எண்ணம் தவறானது. பாடநூல் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தோட்டத்துப் பெரியவரின் பேச்சு பிடிபடாது. பேச்சுத் தமிழ் மட்டும் தெரிந்தவரால் குற்றப்பத்திரிகையைத் தெளிவான தமிழில் விளக்க முடியாது. (பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் விடக்கூடாது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கும் உண்டு. நீதிமன்றத்தில் ஒரு நாள் அமர்ந்து பார்க்குமாறு அவர்களிடம் சொல்வேன்.)

உங்களில் பலர் இவ்வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். பாட்டியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, அவருக்கும் மருத்துவருக்கும் இடையில் பேசுவது நீங்கள்தானே? மருத்துவர் ஐந்து வாக்கியம் சொன்னால், "ஒன்னும் இல்ல பாட்டி, மருந்து சாப்பிட்டா சரியாயிடும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவதும் உண்டு. அடுத்த முறை ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். பாட்டி "மயக்கமா வருது" என்று சொன்னால், அது தலைசுற்றும் 'பெனிங்'கா, நினைவிழக்கும் 'பெங்சான்' நிலையா என்பதை அவரிடமே கேட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.